அக்கா ஏறினால் நிற்கும் வண்டி

ஸ்டேண்ட் போட வேண்டாம் அண்ணே, அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மதினி, நீங்க அந்த டயர் மேல உக்காருங்க. புதுப்பொண்ணு சேலையில அழுக்கு ஒட்டாது, காலையிலதான் தொடச்சேன்.

ஷெட்டுக்காரர் சுடலை மாமா இல்லை. சங்கரன்கோவிலுக்கு டியூப் எடுக்கப் போயிருக்கார். நான் பாப்பேன். மதினி, அண்ணன் காதுல எதுக்கு ஓதுறீங்க, என்கிட்டயே கேளுங்க. ஆமா, பொம்பளைப் பிள்ளைதான். பேரு முப்பிடாதி. பதினொண்ணாங் கிளாசோட நிப்பாட்டிட்டேன். படிப்பு ஏறலையான்னு எல்லாரும் கேப்பாங்க. ஏறுச்சு. எனக்குத்தான் பெஞ்சுல உக்கார முடியலை. இங்கே நாள் முழுக்கக் குத்தவச்சே கிடக்கேன், ஒண்ணும் செய்யலை. அது வேற, இது வேற.

உங்க வண்டி ஏன் நின்னுச்சுன்னு தொடாமலே சொல்லட்டுமா? கியர் போட்டதும் பொசுக்குன்னு அணைஞ்சிருக்கும். நியூட்ரல்ல ஓடும், கியர் போட்டா அணையும். அப்படித்தானே? சைடு ஸ்டேண்ட் சுவிட்ச். குனிஞ்சு பாருங்க, ஸ்டேண்டுக்குப் பக்கத்துல கட்டைவிரல் தண்டிக்குக் கருப்பா ஒண்ணு இருக்குல்ல, அதுதான். ஸ்டேண்டை எடுக்காம ஓட்டி விழுந்துரக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் வச்சது. நல்ல எண்ணம்தான். ஆனா உள்ளே ஒரு குச்சியும் ஒரு ஸ்பிரிங்கும்தான். கொஞ்சம் மண்ணு போனாலும் குச்சி மாட்டிக்கும், ரெண்டு சொட்டுத் தண்ணி போனாலும் மாட்டிக்கும். நீங்க ஸ்டேண்டை எடுத்திருப்பீங்க. வண்டி என்னமோ நீங்க எடுக்கலைன்னே நினைச்சுக்கிட்டு இருக்கும். நீங்க என்ன சொன்னாலும் கேக்காது.

கம்பெனி பேரை நான் சொல்லலை. டேங்குல எழுதியிருக்கு, நீங்களே வாசிச்சுக்கோங்க. இந்த மாடல் தூரத்துல வரும்போதே எனக்குத் தெரிஞ்சிரும். ஏன்னா தள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க. எங்க அக்கா கல்யாணத்துக்குச் சீராக் குடுத்தது இதே வண்டிதான். இதே சிவப்பு.

அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க அண்ணே. அது பன்னெண்டு. ம், அதுதான்.

அக்கா பேரு ஆவுடைச்செல்வி. கழுகுமலைக்குப் பக்கத்துல கட்டிக் குடுத்திருக்கு. அத்தான் பேரு கழுகாசலமூர்த்தி. கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு ஊர் ஊராப் போயி ஆர்டர் எடுக்கிற வேலை. நல்ல மனுசர்தான், ஞாபகந்தான் கொஞ்சம் கம்மி. அடுத்தவன் செருப்பைப் போட்டுட்டு வந்து ரெண்டு நாள் கழிச்சுக் காலைக் கடிக்குதுன்னு சொல்ற ஆளு. அவங்க அம்மா சங்கரவடிவு அத்தை. அவங்க வாயைப் பத்தி நானா சொல்ல வேண்டாம், தன்னால வரும்.

கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் கழுகுமலைக் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பும்போது நல்ல மழை. கண்மாய்க் கரையில வண்டி நின்னுருச்சு. உதைச்சுப் பாத்து, தள்ளிப் பாத்து, மழை விட்ட பிறகு பொழுதடைஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்னுச்சு. அதே கண்மாய்க் கரை. அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும் நின்னுச்சு. அன்னைக்கு மழைகூட இல்லை.

அத்தை சும்மா இருப்பாங்களா. தெருவுக்கே கேக்கிற மாதிரி, "சீர் குடுத்திருக்காவ பாருங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விரதம் இருக்குற வண்டி"ன்னாங்க. அதுல இருந்து அந்தத் தெருவுல எல்லாருக்கும் அது விரத வண்டி. பால்காரன்கூட, "என்ன செல்வி, இன்னைக்கு விரதமா"ன்னு கேப்பான். அக்கா குனிஞ்சு பாலை வாங்கிட்டு உள்ளே போயிரும். எனக்குத்தான் இங்கே வயிறு எரியும்.

ரெண்டு நாள் தங்கிப் பாத்துட்டு வரலாம்னு டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். அந்த வீட்டைப் பத்திச் சொல்லணும். ஒரு ஹாலு, ஒரு அடுப்படி, ஒரு ரூம்பு. ரூம்பு முழுக்க மொளகா வத்தல் மூட்டை. கரிசக்காட்டு வத்தல், விலை ஏறட்டும்னு அடுக்கி வச்சிருக்காங்க. மிச்ச ஆளெல்லாம் ஹால்லதான். அத்தானோட அப்பா, அத்தை, அத்தான், அக்கா, அத்தானோட தம்பி, தங்கச்சி, அப்புறம் டிவி. டூல்ஸ் பையை விரிச்சு வைக்க ஒரு முழம் இடம் கிடையாது. நான் வாசல்ல வச்சுத்தான் வண்டியைப் பிரிச்சேன். எப்படித்தான் இருக்காங்களோன்னு நினைச்சேன். சரி, அது கதைக்கு வேண்டாத விசயம்.

அப்பத்தான் நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். இதை மாமாகூடக் கவனிக்கலை. அத்தான் தனியா ஆர்டர் எடுக்கப் போனா அந்த வண்டி நிக்கவே நிக்காது. கோவில்பட்டி, எட்டயபுரம், எங்க வேணும்னாலும் போகும். அக்கா ஏறினாத்தான் நிக்கும்.

அப்போ எடைதான் காரணம். ரெண்டு பேரு உக்காந்தா பின்பக்கம் அமுங்குது, சுவிட்சுக்குப் போற வயர் இழுபடுதுன்னு முடிவு பண்ணேன். ஆனா ஒரு இடிப்பு இருந்துச்சு. அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அதே வண்டியிலதான். அத்தை, அக்கா மாதிரி ரெண்டு ஆளு. அவங்க ஏறி ஒருநாளும் நின்னதில்லை. நான் அதையும் விடலை, உக்காந்து யோசிச்சேன். அத்தை பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காருவாங்க. அக்கா முன்னாடி நகந்து அத்தானை ஒட்டி உக்காரும். எடை விழுற இடம் வேற.

ஏன் அண்ணே சிரிக்கீங்க? சுவிட்சைப் பிடிங்க, கீழே விட்டுராதீங்க.

அப்பாவும் நானும் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டு போனோம். அப்பாவுக்கு மில்லுல வேலை. யாராவது டை கட்டியிருந்தா அப்பாவுக்குக் கை தன்னால கட்டிக்கும். சர்வீஸ் பாக்கிறவர் டை கட்டியிருந்தார். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டினார், நிக்கலை. "தனியா ஓட்டினா எப்படி சார் நிக்கும், ஒரு ஆளை ஏத்திட்டு ஓட்டுங்க"ன்னேன். அங்கே போன் எடுக்கிற பொண்ணை ஏத்திக்கிட்டுப் போனார். அப்பவும் நிக்கலையாம். ஆனா திரும்பி வர ரொம்ப நேரமாச்சு. அந்தப் பொண்ணு கையில கரும்பு ஜூஸ்.

"கம்ப்ளெயின்ட் எதுவும் காணலையே சார்"னார்.

"எங்க அக்கா நடுரோட்டுல நிக்கிறது உங்க கம்ப்யூட்டர்ல தெரியாதுல்லா"ன்னேன். அப்பா என் கையைக் கிள்ளினார்.

"அந்த சுவிட்சை மட்டும் மாத்திக் குடுங்க சார். எல்லா மெக்கானிக்கும் அதான் போகுதுன்னு சொல்றாங்க."

"அது தனியா வராதும்மா. வயரிங் செட்டோடதான் வரும். ஆர்டர் போட்டுருக்கு."

"எப்ப வரும்?"

"வந்ததும் கூப்பிடுவோம்."

அதான் எப்ப வரும்னு நான் மறுபடியும் கேக்க, வந்ததும் கூப்பிடுவோம்னு அவரும் மறுபடியும் சொல்ல, அப்பா என்னை இழுத்துக்கிட்டு வெளியே வந்துட்டார். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டா ஒரு அம்மா, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே. வாசல்ல அந்த டை கட்டினவர்கிட்ட, "சார், உங்க வண்டி எது?"ன்னு கேட்டேன். கையைக் காட்டினார். வேற கம்பெனி வண்டி.

அதுக்குள்ள பங்குனி உத்திரம் வந்துருச்சு. எங்க பக்கம் அன்னைக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத வீடு கிடையாது. அத்தான் வீட்டுச் சாஸ்தா பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கார். சொந்தக்காரங்க எல்லாம் வேன்ல. வேன்ல இடமில்லைன்னு அத்தானும் அக்காவும் வண்டியில. அத்தை முன்னாடியே மகன்கிட்டச் சொல்லிட்டாங்க. "சாமி கும்பிடப் போற பாதையில அந்த வண்டி நிக்கட்டும், அப்படியே தள்ளிக்கிட்டுப் போயி அவ அப்பா வீட்டுல விட்டுட்டு வா. அவளும் அங்கேயே இருக்கட்டும். வேற வண்டி குடுத்து, வண்டியோட கொண்டாந்து விடட்டும்."

அம்மா இதைக் கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயி நின்னுக்கிட்டா. அப்பா சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுட்டார். அப்பாவால இன்னொரு வண்டி முடியாது. முடியாதுன்னா முடியாதுதான். அக்கா கழுத்துல தாலியோட எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காரும், ஊரு கேக்கும், இந்தத் தண்டி சுவிட்சுக்காகன்னு யார்கிட்டப் போயிச் சொல்றது?

நான் அக்கா வண்டியை வாங்கிட்டு வந்து இங்கே ஷெட்டுல நிப்பாட்டினேன். மாமா, "வயரு ரெண்டையும் முறுக்கி விட்டுரு, சுவிட்சே வேண்டாம்"னார். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அத்தான் செருப்பையே மாத்திப் போடுற ஆளு, ஸ்டேண்டையா ஞாபகமா எடுப்பார்? ஒரு இடதுபக்க வளைவுல ஸ்டேண்ட் தரையில குத்தினாப் போதும், பின்னாடி இருக்கறது எங்க அக்கா.

அந்த மூலையில கிடக்கு பாருங்க, நசுங்கின வண்டி. அது வேற கம்பெனி. அதுல உள்ள சுவிட்சுல குச்சியும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. ஸ்டேண்டுல ஒரு சின்னக் காந்தம், எதிர்த்தாப்புல மூடி அடைச்ச சுவிட்ச். காந்தம் கிட்ட வந்தா ஸ்டேண்ட் மடங்கியிருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான். மண்ணு எங்கிட்டுப் போகும்? அதைக் கழட்டினேன். அதுல மூணு வயர், இதுல ரெண்டு. எது எதுன்னு பல்பு வச்சுப் பாத்தேன். ஓட்டை பொருந்தலை. பழைய நம்பர் பிளேட்டை வெட்டி ஒரு தகடு பண்ணேன். மொதத் தகடு கோணிப் போச்சு, ரெண்டாவது உடைஞ்சு போச்சு, மூணாவது உக்காந்துச்சு. உங்க வண்டிக்கு இப்ப நான் மாட்டுறேன்ல, அதே அளவுதான். இப்போ சுவிட்சைக் கடையில வாங்கி, தகடு வெட்டியே வச்சிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு தள்ளிக்கிட்டு வந்துருதாங்க.

உத்திரத்தன்னைக்கு நானும் வேன்ல தொத்திக்கிட்டேன், டூல்ஸ் பையோட, டிரைவர் பக்கத்துல பெட்டி மேல. அக்கா வண்டி ஒரு இடத்துல நிக்கணுமே, கிடையாது. நாங்க போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் கோயில்ல போயி இறங்கிட்டாங்க. அத்தை வேன்ல இருந்து இறங்கி, வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்து, "பரவாயில்லையே"ன்னாங்க. அந்த வாயில இருந்து அது வந்தது பெரிய காரியம். நான் உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். பொங்கப் பானை பக்கத்துல எல்லாரும் இருக்கும்போதே சத்தமாச் சொன்னேன். "இனிமே இது நிக்காது. நின்னா எனக்குப் போன் போடுங்க. எங்க இருந்தாலும் வந்துருவேன்."

அத்தான் மூஞ்சி சுண்டிப் போச்சு. அக்கா பானையைக் கிண்டினது கிண்டினபடி, நிமிர்ந்து பாக்கலை. நல்லாச் செஞ்சேட்டின்னு ஒரு வார்த்தை? கிடையாது. எனக்கு எப்படி இருக்கும் மதினி, நீங்களே சொல்லுங்க.

அந்த வெள்ளிக்கிழமையே அத்தை போன் போட்டாங்க. "ஏட்டி, உன் வண்டி நின்னுருச்சாம். பேச்சு மட்டும் பெருசாப் பேசுன"ன்னாங்க. நான் மாமாவோட மொபெட்டை எடுத்துக்கிட்டு ஒரே மிதி. கண்மாய்க் கரையில ரெண்டு பேரும் உக்காந்து வெள்ளரிப்பிஞ்சு தின்னுக்கிட்டு இருக்காங்க. அக்கா தண்ணிக்குள்ள காலை விட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கு. வண்டி நின்னு போன ஆளு சிரிக்குமா? நான் வண்டிகிட்டப் போயி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கு, பிடிச்சுருச்சு. கியர் போட்டேன், ஓடுது.

"இதுல என்ன கோளாறு அத்தான்?"

"இப்ப சரியாயிருச்சு போல"ன்னார், என்னைப் பாக்காம.

"அப்போ கிளம்புங்க. நான் பின்னாடியே வாறேன். வழியில நின்னா உடனே பாத்துரலாம்."

வீட்டு வாசல் வரைக்கும் ஒட்டியே வந்தேன். நிக்கலை. இறங்கும்போது அக்கா, "உனக்கு வேற சோலியே கிடையாதாட்டி"ன்னுச்சு. இதுக்குத்தான் நல்லது செய்யக் கூடாதுங்கிறது.

ரெண்டு நாள் கழிச்சு அத்தான் இங்கே வந்தார். "முப்பிடாதி, அந்தப் பழைய சுவிட்ச் இருக்கா?"ன்னு கேட்டார். எதுக்குன்னு கேட்டா, "கல்யாணத்துக்கு வந்த சாமான்லா, தூக்கிப் போட மனசு வரலை"ன்னார். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க அப்பா குடுத்ததுமேல அவ்வளவு பாசமான்னு பேப்பர்ல பொதிஞ்சு குடுத்தேன்.

அப்புறம் பாத்தா விரதம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. ஒரு வெள்ளிக்கிழமை விடலை. அத்தை இந்தத் தடவை வேற பாட்டு. "ஆடிக்கு அவ அப்பா வந்து அழைச்சுக்கிட்டுப் போவாருல்லா, போகட்டும். ஆடி முடிஞ்சாலும் நான் கூப்பிட வர மாட்டேன். வேற வண்டி இந்த வாசல்ல வந்து நின்னாத்தான் அவளும் வரலாம்." புதுப்பொண்ணு ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வரும், ஆவணியில போயிரும். ஆவணியில போகலைன்னா ஊரு என்ன பேசும்? அம்மா மறுபடியும் அடுப்படிக்குள்ள. அப்பா மறுபடியும் பிசைஞ்ச சோறு.

நான் நேராப் போனேன். வாசல்ல குத்தவச்சு வண்டியைப் பாத்தேன். நான் மாட்டின சுவிட்ச் இல்லை, தகடு இல்லை, காந்தம் இல்லை. பழைய கருப்புச் சனியன் அங்கே உக்காந்திருக்கு. ஒழுங்கா டேப் சுத்தி, அழகா.

எனக்கு வந்துச்சு பாருங்க. எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். "அத்தை, நல்லாக் கேட்டுக்கோங்க. வண்டி மேல குத்தமில்லை, எங்க அப்பா மேலயும் குத்தமில்லை. உங்க மகன்தான் நல்ல சுவிட்சைக் கழட்டிட்டுக் கெட்டதை மாட்டி வச்சிருக்கார். வேணும்னே செஞ்சிருக்கார். தனியாப் போனா நிக்காது, நீங்க ஏறினா நிக்காது, இவங்க ரெண்டு பேரும் போனா மட்டும் நிக்கும். அதுவும் கண்மாய்க் கரையில மட்டும். கேட்டுப் பாருங்க"ன்னேன்.

அத்தான் வேப்பமரத்துல என்னமோ தேடுதார். அக்கா அடுப்படிக்குள்ள ஓடிருச்சு. அத்தானோட அப்பா பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டு இருமுதார். அத்தை மகனைப் பாத்தாங்க. அடுப்படியைப் பாத்தாங்க. ஹாலைப் பாத்தாங்க. அப்புறம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் திரும்பி நின்னாங்க. தோளு ரெண்டும் குலுங்குது. அழுதாங்களோ என்னமோ.

திரும்பி என்கிட்ட, "ஏட்டி, நீ எந்தக் கிளாஸ் வரைக்கும் படிச்ச?"ன்னு கேட்டாங்க.

"பதினொண்ணு."

"அதான்"னாங்க.

பதினொண்ணுக்கும் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம்? அன்னைக்குச் சாயங்காலமே அத்தானோட தம்பியை விட்டு ரூம்புல கிடந்த வத்தல் மூட்டையெல்லாம் ஹாலுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அந்த ரூம்புக்குக் கதவே கிடையாது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவு போட்டாங்க, உள்பக்கம் தாழ்ப்பாளோட. நான் வண்டியைப் பத்திப் பேசுறேன், இவங்க கதவு போடுதாங்க. ஹால் முழுக்க வத்தல் நெடி. அத்தானோட அப்பா, தம்பி, தங்கச்சி எல்லாரும் தும்மிக்கிட்டே டிவி பாக்காங்க. ஏன் இப்படின்னு ஒருத்தரும் கேக்கலை. நான் கேட்டேன். "நீ போயி வண்டியத் துடை"ன்னாங்க அத்தை.

வேற வண்டிப் பேச்சையே காணோம். ஆடிக்கு அக்கா வந்துச்சு. ஆவணி பிறந்த அன்னைக்கே அத்தை பஸ் ஏறி வந்து நிக்காங்க. அப்பா பயந்து போயி, "வண்டிக்குக் கொஞ்சம் தவணை குடுங்க மதினி"ன்னார். "வண்டி கிடக்கட்டும், என் பிள்ளையை அனுப்புங்க. அங்க ஒருத்தன் சோறு திங்காமக் கிடக்கான்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பா அன்னைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னார்.

கேளுங்க, இனிமேத்தான் விசயமே. ஐப்பசி மழையில ஒரு வெள்ளிக்கிழமை, அதே கண்மாய்க் கரையில, அந்தப் பழைய சுவிட்ச் மாட்டிக்கிட்டு வண்டி நெசமாவே நின்னுருச்சு. என்னைக்கும் மாதிரிதானே, உக்காந்து வெள்ளரிப்பிஞ்சு திங்க வேண்டியதுதானே? கிடையாது. ரெண்டு பேரும் தொப்புத் தொப்புன்னு நனைஞ்சு, இங்கே வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. அத்தான், "என்ன வண்டி இது, மனுசன் வீடு போயிச் சேர வேண்டாமா"ன்னு டயரை ஒரு உதை. அக்கா அதுக்கு மேல. "உன் சுவிட்சை எடுத்து மாட்டுட்டி, சீக்கிரம்"னு என்னைப் போட்டு விரட்டுது. எத்தனை மாசமா நான் தொண்டை கிழியச் சொன்னேன்? அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு ரெண்டு பேருக்கும். மாட்டிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நிக்கலை.

கடைசியில யாரு சொன்னது சரி? நான் சொன்னதுதான். வண்டியில ஒண்ணும் இல்லை, சுவிட்சுலதான் கோளாறு.

ம், முடிஞ்சது. ஏறுங்க அண்ணே. ஸ்டார்ட் பண்ணுங்க. கியர் போடுங்க. பாத்தீங்களா? ஸ்டேண்டைப் போடுங்க, அணையுதா? எடுங்க. அவ்வளவுதான். மதினி, நீங்களும் ஏறுங்க, ரெண்டு பேரு எடையிலயும் பாத்துருவோம். முன்னாடி நகந்தே உக்காருங்க, இதுக்கு ஒண்ணும் ஆகாது.

அண்ணே, இந்தப் பழசை என்ன செய்ய? தூக்கிப் போட்டுரட்டுமா, இல்லை பேப்பர்ல பொதிஞ்சு தரட்டுமா?

கேக்கேன்லா. ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கீங்க?